வாசலுக்கு ஏறும் கோடு

எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று படிகள். கல்யாணமாகி இங்கே வந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் நான் அவற்றை எண்ணியதில்லை. பேருக்குக் கணக்கு டீச்சர். சொந்த வாசற்படியை எண்ணத் துப்பில்லை. அக்கா போனில் கேட்ட பிறகுதான் எழுந்துபோய் எண்ணிவிட்டு வந்தேன்.

"மூணுக்கா."

"மூணும் சேந்து எவ்வளவு உசரம்?"

"என்ன, ஒரு முழங்கால் உசரம் இருக்கும்."

"முழங்காலா? நீயெல்லாம் பிள்ளைங்களுக்கு என்னத்தடி சொல்லிக் குடுக்கற? அளந்துட்டுக் கூப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

அளந்தேன். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அந்த நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஒரு மாதம் எங்கள் மூன்று பேரையும் பாடாய்ப் படுத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் அக்கா பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாள். கொண்டை ஊசி வளைவு பதினெட்டு உள்ள மலைப்பாதையில் தினம் இரண்டு நடை போய்வந்தவள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய சூட்கேஸை எடுக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி, மறுவாழ்வு மையம், சக்கர நாற்காலி. மையத்தில் கைக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்து இப்போது அவள் கையைப் பிடித்தால் நமக்குத்தான் வலிக்கும்.

மாதக் கடைசியில் மையத்திலிருந்து அனுப்பிவிடுவார்கள். அவள் தனியாக இருந்த வாடகை வீட்டை எப்போதோ காலி செய்தாயிற்று. போவதற்கு இரண்டே இடம். ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு விடுதி. அங்கே லிஃப்ட் உண்டு, அகலமான கதவு உண்டு, மணி அடித்தால் சாப்பாடு உண்டு.

"நம்ம வீட்டுக்குத்தான் வரணும்," என்றேன்.

"வரேன். ஆனா ஒண்ணு. யாரும் என்னைத் தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது. உள்ள வர்றதும் நானே வரணும், வெளிய போறதும் நானே போகணும். அது முடியும்னா வரேன். முடியாதுன்னா விடுதிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"மூணு படிதானே அக்கா? நாங்க ரெண்டு பேர் இருக்கோம். அலாக்காத் தூக்கி உள்ள வெச்சுட மாட்டோமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை அவள்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்கா வேண்டும். அவள் மீது இரக்கப்பட்டு அல்ல. என் வீட்டுக்காரர் தங்கமானவர், சண்டை போடவே தெரியாது. நான் கத்தினால் இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கட்ட இந்த உலகத்தில் அக்காவை விட்டால் ஆள் கிடையாது. இரண்டு வருஷமாக அவள் என்னோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை. போனை வைத்துவிடுவாள், அல்லது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அது எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் தச்சர். கதவு, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் செய்வார். வாசலுக்கு வலதுபுறம் வீட்டுச் சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு இடம்தான் அவர் பட்டறை. அதன் நடுவில் அவருடைய வேலைப் பெஞ்சு. ஒரே பலகை, நாலு விரல் கனம், மரத்தை இறுக்கிப் பிடிக்க ஓரத்தில் ஒரு பட்டறைப் பிடி. கல்யாணத்துக்கு முன்பே அவர் தன் கையால் செய்தது. நான் ஒரு முறை அதன்மேல் சூடான பாத்திரத்தை வைத்துவிட்டேன்.  அவர் அன்று சாப்பிடவில்லை.

அக்கா போனை எடுக்காத அந்த இரண்டு நாளில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வாசலிலிருந்து கேட்டுக்கு ஒரு சாய்தளம் அடித்துவிட்டார். கதவுக்கு முன்னால் படிகளின் உயரத்துக்கே ஒரு சின்ன மேடை. அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் பலகைப் பாதை. கேட் மூன்று மீட்டர் தூரம்தான், அதனால் பாதையும் மூன்று மீட்டர். பார்க்க அம்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மையத்து வேனில் அக்கா வந்தாள். வேன்காரர் அவளைத் தெருவில் இறக்கிவிட்டு ஓரமாக நின்றார். அக்கா கேட்டருகே நாற்காலியை நிறுத்தி, பாதையைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள்.

"மாப்பிள்ளை, இது ஏறுறதுக்கா, சறுக்குறதுக்கா?"

"ஏறித்தான் பாருங்களேன் அண்ணி."

ஏறினாள். மூன்றில் ஒரு பங்கு போனாள். முன்சக்கரம் இரண்டும் பலகையை விட்டு மேலே எழும்பின. அக்கா சட்டென்று குனிந்து பாரத்தை முன்னால் போட்டாள். நாற்காலி பின்னோக்கி உருண்டு வந்து கேட்டில் டமாரென்று மோதி நின்றது. நான் ஓடினேன். "கிட்ட வராத!" என்று ஒரு அதட்டல். பஸ் படியில் தொங்குகிறவர்களை அதட்டும் அதே குரல்.

"இந்த ஏத்தத்துக்கு ஃபர்ஸ்ட் கியரே பத்தாது மாப்பிள்ளை," என்றாள்.

அன்று கேட்டருகிலேயே டீ குடித்தாள். முன்பெல்லாம் அந்த மூன்று படியை இரண்டே எட்டில் தாவி உள்ளே வருகிறவள். இப்போது காலிக் கப்பை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டை வெளியிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தக் கப்பைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாக நிற்கிறார்.

"உசரம் ஜாஸ்தின்னுதானே அண்ணி கஷ்டப்பட்டாங்க? பத்து சென்டிமீட்டர் கொறச்சுட்டேன்."

பாதைக்கு அடியில் இருந்த எல்லாக் கால்களையும் பத்துப் பத்து சென்டிமீட்டர் அறுத்திருந்தார். பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத கடைசிக் கால்களைப் பிடுங்கிவிட்டு, மண்ணில் இடித்த வால் பகுதியையும் வெட்டிப் போட்டிருந்தார். பாதை முழுக்க ஒரே சீராக இறங்கியிருந்தது. அதன் மேல் முனை மேடைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நின்றது.

"உசரம் கொறஞ்சுதா இல்லையா?" என்றார்.

"கொறஞ்சுது. வாசல் கொறஞ்சுதா?"

அவர் மேடையைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். மறுபடி மேடையைப் பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயுள் முழுக்க மேசையும் நாற்காலியும் செய்தவர். மேசை உயரமாக இருந்தால் நாலு காலையும் ஒரே அளவு அறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் அறுத்தால் மேசை ஆடும். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது. நாலு காலையும் ஒரே அளவு அறுத்தால் மேசை சாயாது என்பது எவ்வளவு உண்மையோ, சாய்ந்திருக்கிற பாதையின் கால்களை ஒரே அளவு அறுத்தால் அந்தச் சாய்வும் மாறாது என்பதும் அவ்வளவு உண்மை.

எனக்கு வந்ததே உற்சாகம்! ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வாரம்தான் நேர்கோட்டுச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சாக்கட்டியை எடுத்து வீட்டுச் சுவரிலேயே வரைந்தேன். நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, நடுவில் சாய்ந்த கோடு ஒன்று.

"இங்க பாருங்க. இந்த நிமிர்ந்த கோடுதான் நம்ம வாசல். பாதை இந்தக் கோட்டை எந்த உசரத்துல வெட்டுதோ அதுக்குப் பேரு வெட்டுத்துண்டு. ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு எறங்குதோ அது சாய்வு. ரெண்டும் வேற வேற. நீங்க வெட்டுத்துண்டைக் கொறச்சீங்க. கோடு அப்படியே பொத்துன்னு கீழ எறங்கிடுச்சு. சாய்வு மாறவே இல்லை. பழைய பாதையும் புதுப் பாதையும் ரயில் தண்டவாளம் மாதிரி இணைகோடு. அக்கா இதுலயும் கேட்டுலதான் போய் மோதுவா, அதுவும் பத்து சென்டிமீட்டர் கம்மியாவே ஏறிட்டு."

"அப்ப எதை வெட்டணும்?"

"எதையும் வெட்டக் கூடாது. மேல் முனையை வாசல்ல ஆணி அடிச்ச மாதிரி பிடிச்சுக்கணும். கீழ் முனையைத் தூரமா இழுத்துக்கிட்டே போகணும். போகப் போகச் சாய்வு கொறையும்."

அவர் தலையைச் சொறிந்தார். "எவ்வளவு தூரம்?"

அதற்கு அக்காவால் எவ்வளவு சாய்வில் ஏற முடியும் என்று தெரிய வேண்டும். மையத்து வாசலில் அக்கா தினமும் ஏறி இறங்கும் ஒரு சாய்தளம் இருந்தது. மறுநாள் அவர் போய், ஒரு மீட்டர் சட்டத்தை அதில் வைத்து, அதன் மேல் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும் வரை ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து அளந்துவந்தார். மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர். நாங்கள் போட்டிருந்தது பதினைந்து.

நாற்பத்தைந்தை எட்டால் வகுத்தால் ஐந்து மீட்டர் அறுபது, கொஞ்சம் கூட. முன்பக்கம் மூன்று மீட்டர்தான் இருக்கிறது. ஆனால் மேடையிலிருந்து இடதுபுறம் திரும்பி, சுவரை ஒட்டி மூலை வரை போனால் ஏழு மீட்டர் காலி இடம். துணி காயப்போடும் கொடி மட்டும்தான். வலதுபுறம் பட்டறை இருப்பதால் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வரைபடத்தாளில் சிவப்பு மையில் கோடு வரைந்தேன். ஒவ்வொரு மீட்டருக்கும் கால் உயரம் எழுதினேன்: நாற்பத்தைந்து, முப்பத்தேழு, இருபத்தொன்பது, இருபத்தொன்று, பதின்மூன்று, ஐந்து. முத்து முத்தான கையெழுத்து. எனக்கே என்மீது ஆசையாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"இடது பக்கம் தரை எப்படிடி இருக்கு?" என்றாள்.

"தரை தரை மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லாதே. ரோடு பாக்கறதுக்குச் சமமாத்தான் தெரியும். வண்டியை நியூட்ரல்ல விட்டாத்தான் அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்."

"அக்கா, நீ உன் பஸ்ஸைப் பாரு, கணக்கை நான் பாத்துக்கறேன்."

 "எந்த பஸ்ஸைடி பாக்கறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் வரைபடத்தை வாங்கி, மடித்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார். ஏதோ சொல்ல வருவதுபோல் இரண்டு முறை கனைத்தார். நான் "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல," என்று போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை காலை பாதை தயார். மேல் முனையை மேடையில் திருகி இறுக்கினார். முதல் கால் தரையில் சமர்த்தாக நின்றது. இரண்டாவது கால் தரைக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே நின்றது. மூன்றாவது ஆறு. நான்காவது ஒன்பது. கடைசி முனை தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, அந்தரத்தில் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று அந்த முனைக்கு அடியில் புகுந்து, நிதானமாக மறுபக்கம் வந்து, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அது சிரித்தது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

தரை சாய்ந்திருந்தது. மழைத்தண்ணீர் மூலைச் சாக்கடைக்கு ஓட வேண்டுமே, அதற்காக வீடு கட்டியவர்கள் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் வாட்டம் விட்டிருந்தார்கள். என் பாதை மீட்டருக்கு எட்டு இறங்கினால், தரையும் கூடவே மூன்று இறங்கிக்கொண்டு போகிறது. ஐந்து ஐந்தாகத்தான் நெருங்க முடியும். அந்தக் கணக்கில் ஒன்பது மீட்டர் வேண்டும். ஏழு மீட்டரில் அடுத்த வீட்டுச் சுவர் வந்துவிடும்.

பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் கோடு வரைகிறேன். வரைபடத்தாளில் கீழே இருக்கும் கோடு எப்போதும் படுத்துத்தான் கிடக்கும். அதைத் தரை என்று நினைத்துப் பழகிவிட்டது. நிஜத் தரைக்கும் ஒரு சாய்வு இருக்கலாம் என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை. பஸ் டிரைவருக்குத் தோன்றியிருக்கிறது.

"தரை சாயுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"நீதான் அண்ணிகிட்ட கணக்கை நான் பாத்துக்கறேன்னு சொன்னியே."

ஒரு கத்து கத்தினேன். டீ வந்தது. அதை வாங்கிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். வரைபடத்தாளைத் திருப்பிப் போட்டு, இந்த முறை முதலில் தரையை வரைந்தேன். இடதுபக்கம் சரிந்துகொண்டே போகும் கோடு. வாசல் கோட்டைத் தாண்டி அதை வலதுபக்கமும் நீட்டினேன். கையில் இருந்த பென்சில் அப்படியே நின்றது. இடதுபக்கம் இறங்குகிற தரை, வலதுபக்கம் ஏறுகிறது.

பாதை மீட்டருக்கு எட்டு இறங்கும், தரை மூன்று ஏறி எதிரே வரும். பதினொன்று பதினொன்றாக நெருங்கும். நாற்பத்தைந்தைப் பதினொன்றால் வகுத்தால் நாலு மீட்டரும் கொஞ்சமும். அவ்வளவுதான். இடதுபக்கம் ஒன்பது மீட்டர் கேட்ட அதே சாய்வுக்கு வலதுபக்கம் நாலு மீட்டரும் சில்லறையும் போதும்.

தலையைத் தூக்கி வலதுபக்கம் பார்த்தேன். தகரக் கூரை. அதன் நடுவில் பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், ஏற்கெனவே கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருந்த ஒரு பலகையை விழுந்து விழுந்து இழைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது முதல்லயே தெரியும்," என்றேன்.

இழைப்புளி நின்றது.

"என்னைக்குத் தெரியும்?"

"முதல் நாளே. வாசல்ல ரசமட்டம் வெச்சன்னைக்கே." பலகையில் இல்லாத தூசியை ஊதினார். "இங்கதான் காலை வெளிச்சம் விழும். அந்தப் பக்கம் போனா மழைக்குத் தண்ணி நிக்கும்."  என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வாரம்! என் அக்கா கேட்டில் மோதியபோதும் இவருக்குத் தெரியும். நான் சுவரில் சாக்கட்டியால் பாடம் நடத்தியபோதும் தெரியும். 'உங்களுக்கு என் அக்கா பெரிசா, பெஞ்சு பெரிசா?' என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கேட்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் நான் பாத்திரம் வைத்த கறுப்பு வட்டம் அப்படியே இருந்தது. எத்தனையோ முறை இழைத்திருக்கலாம். அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். இந்த வீட்டுக்கு வந்து நான் எத்தனையோ இடம் மாற்றி வைத்திருக்கிறேன், அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அவருக்கென்று அவர் வைத்துக்கொண்டது அந்த ஒரு இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். நான் சமையலறையில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"இல்லக்கா. தரை சாயுது."

"சொன்னேனா இல்லையா?" என்று சிரித்தாள். பிறகு, "சரி விடு. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துக் கேக்கறாங்க. விடுதிக்கே போட்டுடறேன். அங்க லிஃப்ட்டெல்லாம் இருக்காம்," என்றாள். கடைக்குப் போகிறேன் என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள்.  சமையலறை வாசலில் காலிக் கப்போடு நின்ற என் வீட்டுக்காரர் அதைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மாலை பள்ளி விட்டு வந்தேன். கேட்டைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். வலதுபக்கம் தகரக் கூரைக்கு அடியில் வெறும் தரை. பெஞ்சு இருந்த இடத்தில் நாலு கால் தடமும் ஒரு மரத்தூள் செவ்வகமும். இடதுபக்க மூலையில், துணிக்கொடிக்கு அடியில், பெஞ்சு. ஒற்றை ஆளாக இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டிக் கொண்டுபோயிருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பெஞ்சு சாய்ந்து நின்றது. அவர் வைத்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடி உருண்டது. பிறகு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து, பெஞ்சுக் கால்களுக்கு அடியில் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்று தடியாக, ஒன்று மெல்லிசாக.

"என்னங்க, நாலு காலும் ஒரே அளவு இல்லையா?" என்றேன்.

"தரை சாயுதில்ல?" என்றார், நிமிராமலே. "ஒரு கணக்கு டீச்சருக்கு இதுகூடவா தெரியாது?"

"காலை வெளிச்சம்?"

"லைட்டு போட்டுக்கலாம்."

"மழை வந்தா?"

"செருப்பைக் கழட்டிட்டு நிப்பேன். நீ போய் கால் உசரம் எழுது. திரும்பவும் தப்பா எழுதினே, பூனையைக் கூப்பிடுவேன்."

பூனையை அவரும் பார்த்திருக்கிறார். உள்ளே போய் நானே டீ போட்டேன். அந்த வீட்டில் நான் போட்டு அவருக்குக் கொடுத்த டீ அபூர்வம். அவர் இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. பழைய பாதைகள் இரண்டையும் பிரித்து அதே பலகையில் புதுப் பாதை. நான் தாளில் கணக்குப் போட்டேன்: நாற்பத்தைந்து, முப்பத்துநாலு, இருபத்துமூன்று, பன்னிரண்டு, ஒன்று. அவர் தாளைப் பார்க்காமல் ரசமட்டத்தையும் நூலையும் வைத்துத் தனியாக அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின, ஒரே ஒரு காலில் மட்டும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம். அது என் கணக்கா, அவர் ரம்பமா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அக்காவிடம், "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் எதுல வேணா கையெழுத்துப் போடு," என்று கெஞ்சினேன்.

வந்தாள். இந்த முறை கேட்டிலிருந்து நேராக வலதுபக்கம், தகரக் கூரைக்கு அப்பால் போய்த் திரும்பி நின்றாள். அவள் முன்னால் பாதை சுவரை ஒட்டி ஏறிக்கொண்டு போயிற்று.

"எட்டுதானா மாப்பிள்ளை?"

"எட்டே எட்டு அண்ணி."

அக்கா உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார், தானாக நீண்டுவிடும் என்று பயந்தவர்போல. ஒரு மீட்டர். இரண்டு மீட்டர். அங்கே நின்றாள். மூச்சு வாங்கியது. வேன்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"தொட்டீங்க, கைய ஒடிச்சுடுவேன்," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

மறுபடி சக்கரம் நகர்ந்தது. மூன்று. நாலு. மேடை. அங்கே ஒரு திருப்பு திருப்பி, கதவு நிலையில் உரசாமல், என் வீட்டுக்குள் போனாள். கொண்டை ஊசி வளைவு பதினெட்டு பார்த்தவளுக்கு இது எம்மாத்திரம்?

"இந்தச் சுவருக்கு யாருடி இந்தப் பச்சை அடிக்கச் சொன்னது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். நான் இருக்கிறேனே, முடியவிடுவேனா?

அக்கா வருகிறாள் என்று ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் கப் வாங்கி வைத்திருந்தேன். மூடியில் உறிஞ்சுவதற்கு ஒரு சின்ன மூக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடி குடிக்கும்போது மடியில் சிந்தக் கூடாதே என்று நல்லெண்ணத்தில்தான். அதில் டீ ஊற்றி, அவள் மடியில் ஒரு துண்டையும் விரித்து, கையில் கொடுத்தேன்.

அக்கா அந்த மூக்கைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான். சிந்தாம இருக்கும்."

"எனக்குப் போனது காலு. கை இல்லை."

"நல்லதுக்குச் செஞ்சா அதுக்கும் ஒரு பேச்சா?"

"நீ நல்லதுக்குச் செய்யறதே எனக்கு ஒத்துக்காதுடி. சின்ன வயசுல இருந்தே."

"வந்து ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டே!"

"நான் ஆரம்பிச்சேனா? நானா? பால் குடிக்கிற குழந்தைக்குக் குடுக்கற டப்பாவைக் கையில குடுத்துட்டு!"

கப்பைப் பட்டென்று மேசையில் வைத்தாள். துண்டை உருவி என்மேல் எறிந்தாள். சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்து, ஒரே திருப்பில் வாசலைப் பார்த்து நின்றாள். அடுத்த நொடி மேடையில் இருந்தாள். பலகையில் சக்கரங்கள் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட் திறக்கும் சத்தம். பிறகு அது அறைந்து சாத்தப்படும் சத்தம்.

நான் பதறி ஓடினேன். வாசலில் என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

"எங்க போற?"

"அவ போறாளே! கோவிச்சுக்கிட்டுப் போறா!"

"ஆமா. போறாங்க," என்றார். குரலில் அப்படி ஒரு திருப்தி. "பலகை ஒரு நூல்கூட வளையலை, பாத்தியா?"

அக்கா தெருமுனை வரை போனாள். அங்கே விளக்குக் கம்பத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வேன்காரர் கேட்டுக்கு வெளியே எதுவும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடுதிக்கே போய்விடுவாளோ?

பதினோராவது நிமிஷம் நாற்காலி திரும்பியது. தெரு, கேட், தகரக் கூரை, பாதை. இந்த முறை நடுவில் நிற்காமல் ஏறினாள். மேடையில் வந்து நின்றபோது நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் கோபத்தைக் காணோம். வேறு ஏதோ இருந்தது. சின்ன வயதில் மரத்தில் ஏறி உச்சியிலிருந்து என்னைக் கூப்பிடும்போது இருக்குமே, அது.

"என்னடி பாக்கற?" என்றாள். "ரெண்டு வருஷமா யார்மேல கோவம் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வேற எங்க போறது? இன்னைக்குத்தான்டி எழுந்து போனேன்."

 எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அழாம, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு டீ கொண்டா. மாப்பிள்ளை, அந்த வேன்காரரைப் போகச் சொல்லுங்க. என் பெட்டியை நாளைக்குக் கொண்டுவந்தாப் போதும்."

நாங்கள் குடிக்கும் அதே கண்ணாடிக் கப்பில், விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் கொஞ்சம் சிந்தினாள். நான் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.